பொருந்தும் தோட்டாவும் தகும் தோட்டாவும்

பழம்பொருள்களைப் பேணுதல் பண்பட்ட மக்களின் இயல்பு. நூறாண்டுக்கு முந்திய சுவர்க் கடிகாரத்தைத் துடைத்துச் சாவி கொடுத்தால் அது மீண்டும் ஓடுகின்றது. பாட்டனார் காலத்துக் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கி எண்ணெய் வார்த்தால் அது மீண்டும் எரிகின்றது. இவ்வாறு உயிர்பெற்றெழும் பழம்பொருள்களால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு பழம்பொருளின் கதை மட்டும் வேறு. துருவை அகற்றி, விற்சுருளை மாற்றி, புதிய மரப்பிடி பொருத்தி, கண்ணைப் பறிக்குமாறு மெருகிட்ட பின்னர், அதனை மீண்டும் தொழிற்படுத்த முனைபவன் தன் விரல்களையும் கண்களையும் பணயமாக வைக்கின்றான். அப்பொருளே பழங் கைத்துப்பாக்கி.

இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இத்தகைய துப்பாக்கிகளைச் சேகரித்துச் செப்பனிடுவோர் பலர். அவர்களுள் ஒரு சாரார், செப்பனிட்ட துப்பாக்கியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காண்பதோடு மனநிறைவு கொள்வர். மற்றொரு சாரார், இலக்குப் பலகையின் முன் நின்று ஒருமுறையேனும் சுட்டுப் பார்க்க விழைவர். இவர்கள் முன் எழும் முதல் வினா, “இதற்குத் தகுந்த தோட்டா எது? அதனை எங்கே பெறலாம்?” என்பது. கேட்பதற்கு எளிய வினாத்தான். விடையோ இரசாயனம், பௌதிகம், சரித்திரம் ஆகிய மூன்றையும் தொட்டு நிற்கின்றது. துப்பாக்கி எதையும் தம் வாழ்நாளிற் கையால் தொடப்போகாத நம் மாணவர்களும் இவ்விடையை அறிந்து வைத்தல் பயனுடைத்து.

கரிமருந்தின் இயல்பு

வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையே கரிமருந்து. பல நூற்றாண்டுகளாக உலகெங்கும் துப்பாக்கிகளுக்கு இதுவே உணவாக இருந்தது. திருவிழாக் காலத்து வாணவேடிக்கையிலே நம் மூக்கைத் துளைக்கும் கந்தக நெடியும், வீதியை மூடும் வெண்புகையும் இம்மருந்து எரிவதன் அடையாளங்களே.

இம்மருந்தைத் திறந்த வெளியிற் கொட்டித் தீயிட்டால் அது சீறி எரிந்து அடங்கிவிடும். காகிதச் சுருளினுள் இறுக அடைத்துத் தீயிட்டாலோ சீனவெடியாக வெடிக்கும். மருந்து ஒன்றே, அடைத்த கலமே வேறுபாட்டை விளைக்கின்றது. எரியும் மருந்து வாயுவாக மாறுகின்றது. அவ்வாயு வெளியேற வழியின்றிக் கலத்தின் சுவரை அழுத்துகின்றது. துப்பாக்கியிலே அவ்வழுத்தம் முன்னால் இருக்கும் சன்னத்தைக் குழல் வழியே தள்ளுகின்றது. சன்னம் நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கின்றது; அழுத்தமும் தணிகின்றது. அழுத்தம் உச்சநிலையை அடையும் அந்தக் கணநேரத்தைத் தோட்டா அறையின் சுவர் தாங்கவேண்டும். துப்பாக்கியின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு கணத்திலேயே தங்கியுள்ளது.

கரிமருந்தின் எடையிற் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகின்றது. எஞ்சியது புகையாகவும் கசடாகவும் போய்விடும். அன்றியும், அழுத்தம் கூடினாலும் அது எரியும் வேகம் மிகுதியாகக் கூடுவதில்லை. ஆகவே அக்காலத்துக் கொல்லர்கள் இரும்பாலும் மென்மையான உருக்காலும் செய்த குழல்கள் அதனைத் தாங்கின.

எனினும் கரிமருந்து தீங்கற்றது என்று எண்ணுதல் தவறு. 1847இல் கோல்ட் என்பார் அமெரிக்கப் படைக்கென ஆக்கிய ‘வாக்கர்’ என்னும் பெரிய சுழல் துப்பாக்கி இதற்குச் சான்று. ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்ட அத்துப்பாக்கியின் ஒவ்வோர் அறையும் 60 கிறெயின், அதாவது ஏறத்தாழ 4 கிராம், மருந்தைக் கொள்ளும். அக்கால உலோகம் அச்சுமையைப் பொறாமையால் அவற்றுட் பலவற்றின் உருளைகள் வெடித்துச் சிதறின. பின்வந்த வகைகளில் அறையைச் சுருக்கி மருந்தின் அளவைக் குறைத்தார்கள். கரிமருந்துக்கும் அளவு உண்டு என்பதை அத்துப்பாக்கி உலகிற்கு உணர்த்திற்று.

புகையில்லா மருந்தின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறையிலே பெரியதொரு மாற்றம் நேர்ந்தது. பஞ்சை அமிலங்களில் நனைத்துப் பெறும் வெடிபஞ்சினை ஷோன்பைன் என்ற இரசாயன அறிஞர் 1846இல் உலகிற்கு அறிவித்தார். கரிமருந்தினும் அது பன்மடங்கு வலியது. ஆயினும் அடக்கியாளுதல் அரிதாயிருந்தது. அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் என்னுமிடத்தில் அதனை ஆக்கிய தொழிற்சாலை வெடித்துப் பலர் மாண்டனர்.

1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அவ்வெடிபஞ்சைப் பசையாக்கித் தகடாக்கி, சீராக எரியும் மருந்தாக மாற்றினார். இரண்டாண்டுகளிற் பிரெஞ்சுப் படை அம்மருந்தாற் சுடும் புதிய துப்பாக்கியை ஏந்தியது. தொடர்ந்து நோபல் 1887இலும், பிரித்தானியாவில் ஏபல், டியூவர் ஆகிய இருவர் 1889இலும் தத்தம் வகைகளை வெளியிட்டனர். புகை ஒழிந்தது; சன்னத்தின் வேகம் பெருகிற்று; கரிமருந்தின் ஆட்சி முடிந்தது.

இம்மருந்தின் இயல்பு முற்றிலும் வேறு. இது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறுவது. அதனினும் முக்கியமானது மற்றொன்று: அழுத்தம் ஏற ஏற இது எரியும் வேகமும் ஏறுகின்றது, வேகம் ஏற ஏற அழுத்தம் மேலும் ஏறுகின்றது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இயல்புடைய மருந்துக்கு வலிய உருக்காலான அறை இன்றியமையாதது. 1873இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற கோல்ட் நிறுவனத்தின் .45 சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் தோட்டாவில் முதலில் 40 கிறெயின், ஏறத்தாழ 2.6 கிராம், கரிமருந்து இருந்தது. சன்னத்தின் எடை 255 கிறெயின். அத்துப்பாக்கியைப் புகையில்லா மருந்துக்கும் ஏற்றதென அந்நிறுவனம் உறுதி கூறியது 1900இலேதான். புறத்தோற்றத்தில் அதற்கு முந்தியதும் பிந்தியதும் ஒன்றே போலத் தோன்றும். உள்ளிருக்கும் உலோகத்தின் வலிமையோ ஒன்றன்று. இன்றைய கடையில் விற்கும் .45 தோட்டா முந்திய துப்பாக்கியின் அறையினுள்ளும் தடையின்றி நுழையும். அவ்வாறு நுழைவதே ஆபத்து.

நுழைவதெல்லாம் தகுவதன்று

தோட்டா அறையினுள் நுழைந்துவிட்டால் அது அத்துப்பாக்கிக்கு உரியது என்று எண்ணுவது மனித இயல்பு. பூட்டினுள் நுழைந்து திரும்பும் சாவி அப்பூட்டிற்கு உரியதன்றோ? தோட்டாவின் வகையில் இவ்வெண்ணம் கேட்டினை விளைக்கும். நுழைவது அளவால், தகுவது அழுத்தத்தால். அளவைக் கண் காணும். அழுத்தத்தைக் கண் காணாது.

இதற்கு இரு எடுத்துக்காட்டுகள் போதும். பிரித்தானியப் படை 1887 முதல் ஏற்றுக்கொண்ட வெப்லி சுழல் துப்பாக்கி, பேரரசின் நாடெங்கும் அதிகாரிகளின் இடையில் தொங்கிய ஆயுதம். 1915இல் வந்த அதன் ஆறாம் வகை, .455 என்னும் தோட்டாவைக் கொள்வது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் இவை மிகுதியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அங்கே .455 தோட்டா கிடைத்தல் அருமை, அமெரிக்கப் படையின்.45 தானியங்கித் தோட்டாவோ எங்கும் மலிவு. ஆகவே வணிகர்கள் வெப்லியின் உருளையைப் பின்புறத்திற் சிறிது கடைந்து குறைத்து, அந்த அமெரிக்கத் தோட்டா பொருந்துமாறு செய்து விற்றனர்.

கணக்கைப் பாருங்கள். .455 வெப்லித் தோட்டாவுக்குரிய உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல். கைத்துப்பாக்கிகளை அவற்றின் உச்ச அழுத்தத்திலும் நூற்றுக்கு 30 பங்கு கூடிய அழுத்தத்தில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது இன்றைய ஐரோப்பிய விதி. அவ்விதிப்படி வெப்லியைச் சோதிப்பதாயின் ஏறத்தாழ 17,000 இறாத்தல் போதும். .45 தானியங்கித் தோட்டாவுக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்ச அழுத்தமோ 21,000 இறாத்தல். எனவே சோதனைக்கூடத்திலே ஒரே ஒருமுறை ஏற்றத்தக்க சுமையினும் பெருஞ்சுமையை, அத்தகைய வெப்லியை வைத்திருப்பவன் விசையை இழுக்குந்தோறும் அதன்மேல் ஏற்றக்கூடும்.

இரண்டாவது எடுத்துக்காட்டில் உருளையைக் கடைய வேண்டிய தேவைகூட இல்லை. கோல்ட் நிறுவனம் 1900இல் வெளியிட்ட தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு .38 அளவுத் தோட்டா ஒன்று உண்டு. 1929இல் அதே நிறுவனம் வேறொரு வலிய துப்பாக்கிக்கென ‘சூப்பர்’ என்னும் பெயரில் மற்றொரு .38 தோட்டாவை வெளியிட்டது. இரண்டின் கூடுகளும் நீளத்தாலும் பருமனாலும் ஒன்றே. உள்ளிருக்கும் விசை மட்டும் வேறு. புதிய தோட்டா பழைய துப்பாக்கியில் முட்டின்றி ஏறும், சுடவுஞ் செய்யும். ஆயினும் பழைய துப்பாக்கியின் இரும்பு அதற்கென ஆக்கப்பட்டதன்று.

“பத்து முறை சுட்டேன், ஒன்றும் நேரவில்லையே” என்று சொல்வாரும் உளர். அது சான்றாகாது. கம்பியொன்றைப் பலமுறை வளைத்தால் முதல் முறையிலேயே அது முறிந்துவிடுவதில்லை. பின்னர் ஒருமுறை திடீரென முறிகின்றது. உலோகத்தினுள்ளே நுண்ணிய வெடிப்புகள் முறைதோறும் சிறிது சிறிதாக வளர்கின்றன. பதினோராவது முறையை எவர் அறிவார்?

சோதனைக்கூடத்தின் முத்திரை

துப்பாக்கி வாங்குவோனைக் காக்கும்பொருட்டு ஐரோப்பிய நாடுகள் நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் ஏற்பாட்டைச் செய்தன. இலண்டனின் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் நகரில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி வலிமைச் சோதனைக்கூடம் எழுந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் இத்தகைய கூடம் பதினேழாம் நூற்றாண்டு முதல் உண்டு. குழலிலே வழக்கத்திலும் மிகுந்த விசையுடைய மருந்தை அடைத்து, மனிதர் ஒதுங்கி நின்று, வெடிக்கச் செய்வார்கள். தாங்கியதற்கு முத்திரை குத்துவார்கள். தாங்காதது அங்கேயே உடைந்தொழியும். வீட்டிலே உடைவதைவிட அது மேலன்றோ?

புகையில்லா மருந்து பரவிய பின்னர் அதற்கெனத் தனிச் சோதனையும் தனி முத்திரையும் ஏற்பட்டன. ஆகவே பழந்துப்பாக்கியின் குழலிலும் உருளையிலும் உள்ள சிறு சிறு முடி, எழுத்து, வாள் வடிவங்கள் வெறும் அலங்காரமல்ல. எம்மருந்தை அது தாங்கிற்று என்பதைக் கூறும் சாசனங்கள் அவை. ஆயினும் அச்சாசனம் பிறந்த நாளில் எழுதப்பட்டது. நூறாண்டுத் துருவும் தேய்வும் அதன்பின் வந்தவை. அன்று ஐந்து மைல் ஓடிப் பரிசு பெற்றவன் எண்பது வயதிலும் அவ்வாறே ஓடுவான் என்று கொள்ளலாமா? பிரித்தானியாவில் தனியாரும் தம் துப்பாக்கியை மீண்டும் சோதனைக்கு அனுப்பலாம். சோதனையிலே அருமைப் பொருள் உடைந்துபோகவுங் கூடும் என்பதை அறிந்தே அனுப்புதல் வேண்டும்.

செப்பனிட்டது என்றால் என்ன?

‘செப்பனிட்டது’ என்னும் சொல்லே பலரை மயக்குகின்றது. மெருகு தோலுக்கு, வலிமை எலும்புக்கு. நீலச்சாயம் ஏற்றிய பளபளப்பின் கீழே துரு அரித்த குழிகள் இருக்கலாம். மிகுதியாகத் தேய்த்து மெருகிடுவதால் சுவர் மெலிவதும், சோதனை முத்திரைகள் அழிவதும் உண்டு. அளவறியாது சூடாக்கிய பகுதி, கொல்லன் முன்னர் ஏற்றிய வலிமையை இழந்திருக்கும். சுழல் துப்பாக்கியாயின் மற்றொன்றும் நோக்குதல் வேண்டும்: உருளையின் அறை குழலுக்கு நேரே வந்து அசையாது நிற்கின்றதா என்பது. சிறிது விலகினாலும் சன்னம் குழலின் விளிம்பிலே மோதி ஈயத்தைச் சிதறடிக்கும். இவற்றையெல்லாம் அறிந்து சொல்ல வல்லவன் தேர்ந்த துப்பாக்கிக் கொல்லன் ஒருவனே. ‘சுடத் தகாது’ என்று அவன் கூறினால் அதற்கு மேல் வழக்கில்லை.

தோட்டா தேடும் முறை

சுடத் தகும் என்று அவன் கூறிய பின்னரே தோட்டாவைத் தேடுதல் முறை. முதலில் அத்துப்பாக்கியின் உண்மையான அறை அளவை அறிதல் வேண்டும். குழலின்மேல் எழுதிய எண்ணை நம்பியிருத்தல் போதாது, ‘.38’ என்று பெயர் பெற்ற தோட்டாக்கள் பல; அவை ஒன்றுக்கொன்று வேறானவை. கொதிநீரின் வெப்பத்திலும் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையொன்றை அறையினுள் வார்த்து, உறைந்தபின் வெளியே எடுத்து, நுண்ணளவுக் கருவியால் அளப்பது கொல்லர்களின் வழக்கம். அறையின் உள்வடிவம் அவ்வார்ப்பிலே அப்படியே தெரியும்.

அடுத்து, அத்துப்பாக்கி பிறந்த காலத்து மருந்தையே அதற்குக் கொடுத்தல் வேண்டும். கரிமருந்துக்கெனப் பிறந்ததற்குக் கரிமருந்து, அல்லது அதே அழுத்த எல்லையில் நிற்குமாறு செய்யப்பட்ட மாற்று மருந்து. வழக்கொழிந்த பழைய அளவுகளில் தோட்டா செய்து விற்கும் நிறுவனங்கள் இன்றும் சில உண்டு. 1876இல் தொடங்கிய இத்தாலியின் ஃபியோக்கி நிறுவனம் .455 வெப்லித் தோட்டாவை அண்மைக் காலத்திலும் செய்துள்ளது. பெட்டியின்மேல் அளவு மட்டுமன்றி, எக்காலத்துத் துப்பாக்கிக்கு ஏற்றது என்ற குறிப்பையும் படித்தல் வேண்டும். ‘மென்மையான விசை’ என்று விளம்பரம் செய்யப்படும் புகையில்லாத் தோட்டாக்கள் வலிய புதுத் துப்பாக்கியை நோக்க மென்மையானவையே தவிர, 1880ஆம் ஆண்டு இரும்பை நோக்க அல்ல.

பழந்துப்பாக்கியோடு பழைய தோட்டாப் பெட்டியும் கிடைத்தால் அது பேறு என்று எண்ணுவாரும் உளர். அத்தோட்டாக்கள் காட்சிக்கு மட்டுமே உரியன. அவற்றின் தீமூட்டி நூறாண்டு ஈரத்திற் கெட்டு, தட்டியவுடன் பற்றாது சற்றுத் தாமதித்துப் பற்றலாம். ‘வெடிக்கவில்லை’ என்று எண்ணித் துப்பாக்கியைத் திறக்கும் வேளையில் அது வெடித்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சுட்டு வெறுமையான பழைய கூடுகளை மீண்டும் நிரப்புவதும் ஆகாது. அக்காலத் தீமூட்டிகளிலிருந்த பாதரசம் பித்தளையை நொறுங்குந் தன்மையதாக்கிவிடும்.

தாமே மருந்து நிரப்புவோர்க்கு இன்னும் ஓர் இடர் உண்டு. கரிமருந்துக்கென வகுத்த கூடு பெரியது. அம்மருந்து கூட்டை நிரப்பிவிடுவதால் இருமுறை கொட்ட இடமிராது. புகையில்லா மருந்தோ அக்கூட்டின் அடியிற் சிறிதளவே கிடக்கும். கவனம் பிசகி இரண்டாம் முறையும் கொட்டினாற் கண்ணுக்குப் புலப்படாது, துப்பாக்கிக்குப் புலப்படும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. இங்கே மிஞ்சுவது தொடக்கத்திலேயே நஞ்சு.

சுடும் இன்பமே வேண்டுவோர்க்குப் பாதுகாப்பான வழியொன்றும் உண்டு. இத்தாலியின் கார்தோனே நகரில் 1959இல் தொடங்கிய ஊபெர்ட்டி நிறுவனம் போன்றவை, பழைய வடிவங்களை இக்கால உருக்கிலே வார்த்து விற்கின்றன. குழல் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளுக்கென 1971இல் அமைந்த சர்வதேசக் குழு நடத்தும் போட்டிகளில் மூலத் துப்பாக்கிகளுக்கும் இத்தகைய புதுப்படிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. புதுப்படி உடைந்தால் மற்றொன்று வாங்கலாம். மூலம் உடைந்தால் சரித்திரத்தின் ஓர் ஏடு கிழிந்தது.

சட்டமும் இதனை அறியும்

பொருந்துவது வேறு, தகுவது வேறு என்பதைப் போலவே, காட்சிப் பொருள் வேறு, ஆயுதம் வேறு என்று சட்டமும் பகுத்துக் காண்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898க்குள் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கின்றது. பிரித்தானியாவில், வழக்கொழிந்த தோட்டா வகைகளின் பட்டியலொன்று 2021இல் விதியாகவே வெளியிடப்பட்டது. அங்கே பழந்துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டுவதில்லை. அதனைச் சுடும் நோக்கத்துடன் வைத்திருந்தாலோ அச்சலுகை போய்விடும். ஒரே இரும்பு, உடையவனின் கருத்தைப் பொறுத்துச் சட்டத்தின் கண்ணில் இருவேறு பொருளாகின்றது.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துகின்றது. பழைய வீடொன்றின் பரணிலோ பெட்டகத்திலோ இத்தகைய பொருள் எதுவும் அகப்பட்டால், பிள்ளைகள் அதனைக் கையில் எடுத்தலும், பெரியோர் அது வெறுமையானது எனத் தாமே முடிவு செய்தலும் ஆகாது. கரிமருந்து பல்லாண்டு கடந்தும் தன் குணம் மாறாதிருக்கக் கூடியது. குழலினுள் என்றோ எவரோ இட்டு மறந்த மருந்து இன்றும் தீக்குக் காத்திருக்கலாம். அதனைத் தொடாது விட்டுப் பொலிசாருக்கு அறிவித்தலே முறை.

1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கவர்ந்து சென்ற லெவ்கே பீரங்கியை நெதர்லாந்து 2023இல் நமக்குத் திருப்பியளித்தது. பொன்னும் வெள்ளியும் மணிகளும் இழைத்த அதனைக் காண்போர் எவரும் அது இன்று வெடிக்குமா என்று கேட்பதில்லை. வெடியாமலே அது தன் காலத்தின் கொல்லர் திறனையும் அரசின் சிறப்பையும் நமக்கு எடுத்துரைக்கின்றது. பழங் கைத்துப்பாக்கிக்கும் இதுவே பொருந்தும். தகுந்த தோட்டா கிடைத்து, தேர்ந்த கொல்லனும் சட்டமும் உடன்பட்டால், அதற்குரிய இடத்திலே அதனைச் சுடலாம். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதற்குத் தகுந்த இடம் கண்ணாடிப் பேழையே. கையினுள் அடங்குவதெல்லாம் கைக்கு அடங்குவதன்று என்பதை அப்பேழையின் முன் நிற்கும் இளைஞன் உணர்வானாயின், அவன் கற்றது துப்பாக்கியைப் பற்றி மட்டுமன்று.